தோற்றாலும் லாபம்

ஒரு விளையாட்டு ரசிகனுக்குப் பொற்காலம் எது என்று கேட்டால், தன் அணி கிண்ணத்தைத் தூக்கும் காலம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது அனுபவமில்லாதவர்கள் சொல்வது. பொற்காலம் என்பது அணி அட்டவணையின் அடியில் கிடக்கும் காலம். வென்றால் அன்றிரவு சந்தோஷம். தோற்றால் எதிர்காலத்துக்கு லாபம். எப்படி விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாது. மொன்றியல் கனேடியன்ஸ் அணியின் ரசிகர்களாகிய நாங்கள் அண்மையில் சில வருடங்கள் இந்தச் சுகத்தை அனுபவித்தோம்.

ஐஸ் ஹொக்கி பார்க்காதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். மொன்றியல், என்எச்எல் தொடரின் ஸ்டான்லி கிண்ணத்தை 24 தடவை வென்ற அணி. வேறெந்த அணியும் அத்தனை தடவை வென்றதில்லை. ஆனால் கடைசியாக வென்றது 1993இல். 2021இல் திடீரென்று இறுதிப் போட்டி வரை போய் டாம்பா பேயிடம் தோற்றார்கள். அந்த அதிர்ச்சியிலிருந்து நாங்கள் மீளுமுன் அடுத்த பருவத்தில் 82 ஆட்டங்களில் 22 மட்டும் வென்று, 32 அணிகளில் 32ஆவதாக வந்தார்கள். உச்சியிலிருந்து அடிக்கு இவ்வளவு விரைவாக வருவதற்கும் ஒரு திறமை வேண்டும்.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் நடந்த உரையாடல் இது.

"இஞ்சாருங்கோ, உங்கட ஆக்கள் வெண்டிட்டினமோ?"

"இல்லை, படுதோல்வி."

"பிறகேன் சிரிச்சுக்கொண்டு இருக்கிறியள்?"

"தோத்தாத்தானப்பா நல்ல பெடியன் கிடைப்பான்."

மனைவி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "இந்தக் கதையை எங்கட மகனுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அவனுக்குச் சோதினை வருது."

நான் சொன்னது விளையாட்டுக்கு அல்ல. ஒவ்வொரு கோடையிலும் பதினெட்டு வயதளவிலான பெடியன்களை அணிகள் முறைவைத்துத் தெரிவு செய்யும். அதன் பெயர் டிராஃப்ட். மொத்தம் ஏழு சுற்று. கீழே கிடக்கும் அணிக்கு முன்னிடம். வேண்டுமென்றே தோற்பவர்களை அடக்குவதற்காக ஒரு குலுக்கலும் உண்டு. கடைசியாக வந்த அணிக்கு முதலிடம் கிடைக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், ஆனால் நிச்சயமில்லை. குலுக்கல் காலைவாரினால் மூன்றாம் இடத்துக்கு இறங்க வேண்டியதுதான். ஆகவே மார்ச் மாதத்தில் இரண்டு அடிமட்ட அணிகள் மோதினால், இரு பக்கத்து ரசிகர்களும் தத்தம் அணி தோற்க வேண்டும் என்று நேர்ந்துகொள்வார்கள். எங்கள் கோல்காப்பாளன் பாய்ந்து விழுந்து 'பக்' என்ற ரப்பர் வட்டைத் தடுத்தால் கை தானாகத் தட்டும், வாய் "ஐயோ" என்னும்.

2022இல் குலுக்கல் எங்கள் பக்கம் விழுந்தது. டிராஃப்ட் நடந்ததும் மொன்றியலில், எங்கள் சொந்த அரங்கமான பெல் சென்டரில். முதலாவதாக யாரை எடுப்பார்கள் என்பதில் ஊருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஒன்ராரியோப் பெடியன் ஷேன் ரைட்தான் முதலாவது என்று பல காலமாகப் பேச்சு. அணி மேடையேறி, ஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த யூராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கியின் பெயரைச் சொன்னது. ஆறடி மூன்று அங்குலம். அதே வருடம் பெய்ஜிங் ஒலிம்பிக்கில், பதினேழு வயதில், ஏழு கோல் போட்டு, தன் நாட்டுக்கு வெண்கலம் வாங்கிக் கொடுத்து, தொடரின் சிறந்த வீரன் என்ற பட்டத்தையும் பெற்றவன்.

என் மச்சான் கதிரையை விட்டு எழுந்துவிட்டான். "அத்தான், கெடுத்துப்போட்டாங்கள்! 1980 திரும்பவும் வந்திட்டுது!"

1980 என்பது மொன்றியல்காரரின் ஆறாத புண். அந்த வருடம் முதலிடம் கையில் இருந்தபோது டக் விக்கன்ஹைசரை எடுத்தார்கள். மொன்றியலிலேயே வளர்ந்த டெனி சவார் மூன்றாவதாகச் சிகாகோவுக்குப் போய், பின்னர் ஹொக்கியின் புகழ் மண்டபத்திலும் இடம்பிடித்தார். இதைச் சொல்லும்போது மச்சானின் குரல் தழுதழுக்கும். 1980இல் அவன் பருத்தித்துறையில் அரிச்சுவடி படித்துக்கொண்டிருந்தான். ஆனால் இந்த ஊருக்கு வந்து குடியேறுகிறவன் இதன் குளிரோடு இதன் பழைய துக்கங்களையும் சேர்த்துத்தான் சுவீகரிக்க வேண்டும். நான் அன்று எந்தக் கருத்தும் சொல்லவில்லை. அடக்கம் காரணமல்ல, வாய் நிறையக் கொத்துரொட்டி.

அதன் பின்னர் தொடங்கியது ஒப்பீடு. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்பது ஏ எடுத்த செய்தி நம் வீட்டுக் குசினிக்குள் வந்து சேருகிற வேகத்தில், மற்ற அணிகள் எடுத்த பெடியன்களின் புள்ளிக் கணக்கு எங்கள் வீட்டுக்கு வந்து சேரும். ரைட் நான்காவதாகச் சியாட்டிலுக்குப் போயிருந்தான். 2022 டிசம்பர் 6ஆம் திகதி அவன் தன் முதலாவது என்எச்எல் கோலைப் போட்டான். யாருக்கு எதிராக? எங்களுக்கு எதிராகத்தான். அன்றிரவு மச்சான் தொலைபேசியில் ஒன்றுமே பேசவில்லை, மூச்சு மட்டும் விட்டான். நம்முடைய பெடியனோ முதல் பருவத்தில் 39 ஆட்டங்களில் நான்கு கோலோடு காயப்பட்டு வீட்டில் இருந்தான்.

"அவனுக்குப் பதினெட்டு வயதுதானே மச்சான்" என்றேன்.

"நாங்கள் பதினெட்டு வயசில என்ன செய்துகொண்டிருந்தம் அத்தான்?"

அந்தக் கேள்வி அவனுக்கே பாதகமானது என்று உணர்ந்தவுடன் பேச்சை மாற்றிவிட்டான்.

அடுத்த பருவத்தில் ஸ்லாஃப்கோவ்ஸ்கி 20 கோலோடு, மற்றவர்களின் கோலுக்கு உதவியதையும் சேர்த்து 50 புள்ளி எடுத்தான். 2024 ஜூலை முதலாம் திகதி அணி அவனோடு எட்டு வருட ஒப்பந்தம் செய்தது, வருடத்துக்கு 76 இலட்சம் அமெரிக்க டொலர். "நான் அப்பவே சொன்னனான்" என்றான் மச்சான். சொன்னதற்குச் சாட்சி அவனிடம் இல்லை. சொல்லாததற்குச் சாட்சியாக நான் இருந்தேன். குடும்ப ஒற்றுமை கருதி வாயைத் திறக்கவில்லை.

பயிற்சியாளர் மார்ட்டின் சான் லூயியின் கதையும் இதற்குச் சளைத்ததல்ல. 2022 பெப்ரவரியில் அவரைக் கொண்டுவந்தபோது, தொழில்முறை அணி எதையும் அவர் பயிற்றுவித்ததில்லை; தன் பிள்ளைகளின் சிறுவர் அணியைப் பயிற்றுவித்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் வெறும் அப்பா அல்ல. ஐந்தடி எட்டு அங்குல உயரம் என்று எந்த அணியும் டிராஃப்டில் எடுக்காமல் விட்டும், பின்னர் ஆயிரம் புள்ளிக்கு மேல் குவித்துப் புகழ் மண்டபத்துக்குள் போன ஆட்டக்காரர். அவர் வரும்போது கோல் கோஃபீல்ட் என்ற குட்டையான பெடியன் 30 ஆட்டங்களில் ஒரேயொரு முறைதான் வலைக்குள் அடித்திருந்தான். அவர் வந்த பிறகு 37 ஆட்டங்களில் 22 முறை அடித்தான். அவர் அவனுக்குப் புதிதாக ஒரு வித்தையும் கற்பித்ததாகத் தெரியவில்லை. நம்பிக்கையோடு விளையாட விட்டார், அவ்வளவுதான். ஒரு தமிழ்த் தகப்பனாக இதைக் கேட்க எனக்குக் கொஞ்சம் சங்கடமாகவே இருந்தது.

குட்டையானவர்கள் வரிசையில் அடுத்தவன் லேன் ஹட்சன். 2022இலேயே, 62ஆவது ஆளாக எடுக்கப்பட்டவன். தடுப்பாட்டக்காரன் என்றால் மலைபோல் நிற்க வேண்டும் என்பது ஹொக்கியின் பழைய விதி. ஹட்சனோ ஐந்தடி ஒன்பது அங்குலத்தை எட்டிப் பிடிக்கப் போராடியவன். டிராஃப்டுக்கு முன், "நான் இன்னும் வளருவேன்" என்பதற்கு மருத்துவரின் கடிதத்தை அணிகளிடம் கொடுத்தான். வருகைக்கு மருத்துவச் சான்றிதழ் கொடுத்த மாணவர்களை நமக்குத் தெரியும். வளர்த்திக்குக் கொடுத்தவன் இவன்தான். உயரம் போகட்டும். 2024-25 பருவத்தில் 60 அசிஸ்ட், அதாவது சக வீரர்களின் கோலுக்குக் கைகொடுத்த தடவைகள். அறிமுகப் பருவத்தில் ஒரு தடுப்பாட்டக்காரன் எடுத்த மிகக் கூடிய எண்ணிக்கை என்று 1980-81இலிருந்து லாரி மர்ஃபி வைத்திருந்த சாதனையைச் சமன் செய்தான். சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதும் கிடைத்தது. 1972இல் கென் டிரைடன் வாங்கிய பிறகு மொன்றியலுக்கு அந்த விருது அப்போதுதான் வந்தது.

டிராஃப்டில் யாருமே எடுக்காத ஆர்பர் ஜாக்காய் இன்னொருவன். கொரோனாக் காலத்தில் லீக் நின்றபோது கொஸ்ட்கோ என்ற பெரிய கடையில் வேலை செய்தவன், இப்போது எங்கள் தடுப்புவரிசையில் எதிராளிகளை மிரட்டிக்கொண்டிருக்கிறான். இந்தச் செய்திக்குப் பிறகு மச்சான் கொஸ்ட்கோவில் பெட்டி தள்ளும் ஒவ்வொரு பெடியனையும் மேலும் கீழும் பார்க்கிறான். நல்லவேளை, இதுவரை யாரும் முறைப்பாடு செய்யவில்லை.

இவ்வளவு சிரிப்புக்கிடையில் சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. 2023இல் ஐந்தாம் இடத்தில் ஒஸ்திரியாவின் டேவிட் ரைன்பாக்கரை எடுத்தார்கள். ரசிகர்களில் பெரும்பகுதி கேட்டது ரஷ்யாவின் மத்வே மிச்கோவை. அவன் இரண்டு இடம் தள்ளிப் பிலடெல்பியாவுக்குப் போனான். அதற்குத் தண்டனையாக, ரைன்பாக்கருக்கு முன்பின் தெரியாதவர்களிடமிருந்து வசைச் செய்திகள் போய்க் குவிந்தன. தன் பெயரைத் தானே மேடையில் சொல்லிக்கொள்ளாத பெடியன் அவன். மற்றவர்கள் எடுத்த முடிவுக்கு அவன் ஏச்சு வாங்கினான். அடுத்த வருடம் பருவம் தொடங்குமுன்னரே முழங்காலில் அடிபட்டு அறுவைச் சிகிச்சைக்கும் போக நேர்ந்தது. ரசிகனின் பொறுமையின்மைக்கு ஓர் எல்லை உண்டு. அன்று பலர் அதைத் தாண்டினார்கள்.

2024இல் மறுபடியும் ஐந்தாம் இடம். லாஸ் வேகஸில், எங்கள் கியூபெக் மண்ணின் பாடகி செலின் டியோன் மேடைக்கு வந்து இவான் டெமிடோவின் பெயரை அறிவித்தார். டெமிடோவ் அப்போது ரஷ்யாவில், சென் பீட்டர்ஸ்பர்க் அணியில். அங்கே இரவு ஆட்டம் என்றால் இங்கே மத்தியானம். மொன்றியலின் அலுவலகங்களில் எத்தனையோ பேர் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, விளங்காத பாஷை வர்ணனையில், அவனை எத்தனை நிமிடம் களத்தில் விட்டார்கள் என்று எண்ணினார்கள். குறைவாக விட்டால் அந்தப் பயிற்சியாளருக்கு இங்கிருந்தே சாபம். 2025 ஏப்ரல் 14ஆம் திகதி அவன் மொன்றியல் சட்டையில் முதன்முதல் இறங்கினான். அன்றே ஒரு கோல், ஒரு அசிஸ்ட். அதற்கு இரண்டு நாள் கழித்துக் கடைசி ஆட்டத்தில் கரோலைனாவை வென்று, அணி கிண்ணத்துக்கான பிளேஓஃப் சுற்றுக்குள் நுழைந்தது.

பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது. முதல் சுற்றில் வாஷிங்டனிடம் ஐந்து ஆட்டங்களில் தோற்றோம். அந்தத் தோல்வியில் ஒரு சதம்கூட லாபமில்லை. குலுக்கல் இல்லை, நல்ல பெடியன் இல்லை, வெறும் தோல்வி மட்டும். எனக்கு இரத்த அழுத்தம் கூடியது. "இவ்வளவு நாளும் சிரிச்சுக்கொண்டுதானே இருந்தனீங்கள்?" என்று மனைவி கேட்டாள். கடைசி இடத்தில் இருக்கும்போது எதையும் எதிர்பார்க்கத் தேவையில்லை. ஓரளவு நன்றாக விளையாடத் தொடங்கினால் எதிர்பார்ப்பு வரும், அதன் பின்னால் நித்திரையின்மை வரும்.

ஆனாலும் அடித்தளத்திலேயே வீடு கட்டிக் குடியேறிவிடக் கூடாது. எட்மன்டன் 2010, 2011, 2012 என்று மூன்று வருடம் தொடர்ந்து முதலிடத்தில் தெரிவு செய்த அணி. மூன்றாவதாக எடுத்த நைல் யாக்குப்போவ் சில வருடங்களில் என்எச்எல்லை விட்டே போய்விட்டான். பஃபலோ 2011க்குப் பிறகு 14 பருவங்கள் தொடர்ந்து பிளேஓஃப் பார்க்கவில்லை, இடையில் இரண்டு தடவை முதலிடத்தில் தெரிவு செய்தும். நல்ல பெடியன்களைச் சேர்த்தால் மட்டும் போதாது. அவர்களை வளர்க்க ஆள் வேண்டும், வளரும்வரை காத்திருக்கும் துணிவும் அணி நிர்வாகத்துக்கு வேண்டும்.

எனவே புதிதாக ஹொக்கி பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு என் ஆலோசனை: சம்பியன் அணியைத் தேடிப் போகாதீர்கள். அட்டவணையைத் தலைகீழாகப் பிடித்து, மேலே தெரியும் அணியைத் தெரிந்தெடுங்கள். இருபத்துமூன்று வயதாகும்வரை எந்தப் பெடியனுக்கும் தீர்ப்பு எழுதாதீர்கள். பிடிக்கவில்லையென்றால் உங்கள் மச்சானிடம் கத்துங்கள், அந்தப் பிள்ளைக்கு ஒருபோதும் எழுதாதீர்கள்.