கரும்பு நாட்டு ஸ்காட்ச்

ஸ்காட்லாந்துக்காரர்கள் விஸ்கிக்கு ஐந்து வட்டாரம் பிரித்து வைத்திருக்கிறார்கள்: ஹைலேண்ட், லோலேண்ட், ஸ்பேசைடு, ஐலா, கேம்பெல்டவுன். ஐலா சரக்கில் புகை வாசம், ஸ்பேசைடில் பழ வாசம் என்பார்கள். மூன்று வருஷமாவது ஓக் பீப்பாயில் ஊறாவிட்டால் ஸ்காட்ச் என்று பேர் வைக்க முடியாது.

நம்மூரில் 2003 முதல் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக் கையில். இங்கே வட்டாரம் இரண்டே: கம்பிக்கு அந்தப் பக்கம், கம்பிக்கு இந்தப் பக்கம்.

“அண்ணே, குவாட்டர் என்ன இருக்கு?”

“இதான் இருக்கு.”

ருசி ஆராய்ச்சி முடிந்தது.

அதற்காக மண்வாசனை இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. நம் மலிவு விஸ்கி பலவற்றுக்கு மூலம் மொலாசஸ். சர்க்கரை எடுத்தபின் ஆலையில் மிஞ்சும் கறுப்புப் பாகு. ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று விற்கவே விடமாட்டார்கள். ரம் ஜாதியில் தள்ளிவிடுவார்கள். நம்மூர் ஜிஎஸ்டி ரோட்டுப் படாளத்திலோ கூட்டுறவு சர்க்கரை ஆலையே இருக்கிறது. ஐலாவுக்குப் புகை என்றால் நமக்குக் கரும்பு!

பார்லியில் காய்ச்சி, 2004-ல் கிளாஸ்கோவிலேயே கடை விரித்த பெங்களூரு அம்ருத் மாதிரி நாமும் இறங்கலாமே என்பீர்கள். பீப்பாயிலிருந்து ஆவியாகிற சரக்கைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். ஸ்காட்லாந்தில் அது வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம். பெங்களூரில் 10-ஐத் தாண்டும். படாளம் சித்திரை வெயிலில் மூன்று வருஷம் வைத்தால், ஜிஎஸ்டி ரோட்டில் தள்ளாடுவது தேவதைகளாகத்தான் இருக்கும்.