ஊர்தொழில் இயல்

யானைக்குக் கஜ சாஸ்திரம் உண்டு. குதிரைக்கு அசுவ சாஸ்திரம் உண்டு. டிராகன் மேல் ஏறுகிறவன் வாரம் முழுக்க என்ன செய்கிறான் என்பதற்கு மட்டும் நம்மிடம் ஒரு நூற்பாகூடக் கிடையாது. அக்குறை நீக்குவான் வேண்டி எழுந்தது இவ்வியல்.

எல்லை சொல்லாமல் இலக்கணம் தொடங்குவது மரபன்று. உலகத்து டிராகன்கள் அனைத்தையும் அளக்கப் புகுந்தால் ஏடு கொள்ளாது. ஆகவே இதன் எல்லை பெர்ன் என்னும் கோள். ருக்பாட் என்ற விண்மீனின் மூன்றாம் கோள் அது. படைத்தவர் ஆன் மெக்காஃப்ரி (1926–2011), அமெரிக்காவில் பிறந்து அயர்லாந்தில் குடியேறியவர். பெர்ன் பற்றிய முதல் கதை 1967 அக்டோபரில் அனலாக் இதழில் வந்தது. மறுஆண்டு அதற்கு ஹியூகோ விருது கிடைத்தது, புனைகதைக்காக அவ்விருதைப் பெற்ற முதல் பெண் அவரே. பாயிரம் முற்றிற்று. இனி நூற்பா:

எண்ணெய் இரையே கல்லே பயிற்சி
காவல் திறையே போரென் றாங்கு
எழுவகைப் படூஉம் ஊர்வோர் தொழிலே.

(நூற்பா நாம் செய்தது. பழைய ஏட்டில் தேடிக் களைக்க வேண்டாம்.)

எழுவகை என்றமையால் நாளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொள்ளலாமோ எனின், கூடாது என்க. பெர்ன் மக்களின் வாரத்துக்கும் ஏழு நாள்தான். ஆனால் எண்ணெய் எல்லா நாளிலும் வரும், போர் எந்த நாளிலும் வரும். இரண்டுக்கும் நடுவே மற்ற ஐந்தும் இடம் கிடைத்தபோது உட்காரும்.

வீரர் தொழிலைச் சொல்ல வந்தவர் போரை முன்வைக்காமல் எண்ணெயை முன்வைத்தது ஏன் என்று கேட்பாரும் உளர். இந்நிரல் சிறப்பு நோக்கியதன்று, செலவாகும் நேரம் நோக்கியது. பெர்னின் வானில் செந்நட்சத்திரம் என்றொரு அலைகோள் உண்டு. அது நெருங்கும்போது வெள்ளி நிறத்தில் இழைகள் பொழியும். அவை தொட்ட உயிரையெல்லாம் தின்னும். இந்தப் பொழிவுக் காலம் சுமார் 50 ஆண்டு நீடிக்கும், பிறகு ஏறத்தாழ 200 ஆண்டு வானம் சும்மா இருக்கும். பொழிவுக் காலத்திலும் இழை நாள்தோறும் விழுவதில்லை, விழும் நாளிலும் சில மணி நேரமே. ஆக, போர்வீரன் எனப்பட்டவன் போரிடும் பொழுது மிகச் சிறியது. எண்ணெய்க்கோ இடைக்காலமும் இல்லை, இடைவேளையும் இல்லை.

எண்ணெய் ஏன்? டிராகன் குஞ்சு வெகு வேகமாக வளரும். தோல் அதற்கு ஈடுகொடுக்காமல் இழுபடும், வறளும், அரிக்கும். வளர்ந்த பிறகும் பேணாத இடத்தில் செதில் கட்டும். அரிப்போடு போனால் பொறுத்துக்கொள்ளலாம். இந்த விலங்கு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு இடைப்பாழ் வழியாகத் தாவுவது. அந்தப் பாழில் ஒளியில்லை, ஒலியில்லை, உறையும் குளிர் மட்டுமே. மூன்று முறை இருமும் நேரம்தான் அங்கே இருக்கும். ஆனாலும் தோலில் ஒரு வறண்ட திட்டு இருந்தால் அந்தக் குளிரில் அது வெடிக்கும், வெடித்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. எனவே குளிப்பாட்டி, தேய்த்து, எண்ணெய் பூசுவது அழகுக் கலை அன்று என்பது துணிபு.

எண்ணெய் பூசும் அரிப்பு இருவகைப்படும்: உண்மை அரிப்பு, செல்ல அரிப்பு. முன்னது இறகின் மூட்டிலும் முதுகிலும் தோன்றும். பின்னது பெரும்பாலும் கண்ணின் மேல்வரம்பில், அதாவது வீரனின் கை எட்டுகிற இடத்தில் தோன்றும். இரண்டையும் வேறு பிரித்தறிய வழியில்லை. டிராகன் வாய் திறந்து சொல்வதில்லை, நேரே வீரனின் மனதுக்குள் சொல்லும். பொய்யென்று தள்ளவும் முடியாது, காது கேட்கவில்லை என்று நடிக்கவும் முடியாது. மனமொத்த உறவு என்று இதைப் பாடுகிற பாணர்கள் நள்ளிரவில் எண்ணெய்க் குடத்தோடு எழுந்தவர்கள் அல்லர்.

இரை இரண்டு. குஞ்சுக்கு இறைச்சியைத் துண்டு துண்டாக நறுக்கி ஊட்ட வேண்டும், இல்லாவிட்டால் மென்று தின்னாமல் விழுங்கித் திணறும். பெரியது தானே மந்தையில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். வீரன் செய்வதெல்லாம் போதும் என்று சொல்வதே. இணைசேரப் பறக்குமுன் அரசி டிராகன் இறைச்சியை உண்ணாமல் குருதியை மட்டும் குடிக்கும்படி அதை ஏறும் பெண் மனதால் இழுத்துப் பிடிக்க வேண்டும் என்ற விதி ஒன்றுண்டு. அது வாரத் தொழில் அன்றாதலின் இங்கே விரிக்கவில்லை.

கல் என்றது நெருப்புக்கல்லை. டிராகன் பிறவியிலேயே தீக் கக்குவதன்று. பாஸ்பீன் உள்ள ஒரு கல்லை மென்று இரண்டாம் வயிற்றுக்கு அனுப்பும், அங்கே பிறக்கும் வாயு வெளிக்காற்றில் பட்டதும் பற்றிக்கொள்ளும். சண்டை முடிந்ததும் எஞ்சிய சாம்பலைக் கக்கிவிடும். அதை அருகில் நின்று பார்க்கிறவன் வீரனே. கல்லை உடைத்து மூட்டை கட்டுவதும், பறக்கும்போதே மூட்டையை ஒருவர் எறிய மற்றவர் பிடிப்பதும், போர் நடுவே புதிய மூட்டை கொண்டு சேர்ப்பதும் பயிற்சி வீரர் வேலை. பொன்னிற அரசிகள் கல் மெல்லக் கூடாது, மென்றால் மலடாகும். பச்சை நிற டிராகனும் பெண்தான், ஆனால் அது மெல்லும், அதனால்தான் முட்டை இடாது. அரசியை ஏறுவோர் அதற்குப் பதில் நைட்ரிக் அமிலத்தைப் பீய்ச்சும் கருவியைத் தோளில் சுமந்து, மற்றவர்க்குக் கீழே தாழப் பறந்து, தப்பி விழும் இழைகளைச் சுடுவர். மற்றவர் விட்டதைப் பொறுக்கும் பொறுப்பு பெண்களிடம் வந்து சேர்ந்தது பெர்னுக்கு மட்டும் உரிய வழக்கன்று.

பயிற்சியின் சாரம் மனப்படம். இடைப்பாழில் நுழையுமுன் போகுமிடத்தை வீரன் மனதில் தெளிவாகப் பிடித்து டிராகனுக்குக் கொடுக்க வேண்டும். படம் பிசகினால் திரும்பி வருதல் இல்லை. ஆதலால் கோட்டைகளின் கோபுரம், குன்று, வளைவு என்று அடையாளங்களை உருப்போடுவது இளையோர்க்கு நித்திய கடமை. டிராகனுக்கு ஞாபக மறதி மிகுதி என்பதும் இங்கே கருதத்தக்கது. அறிவார்ந்த உயிர்தான், ஆனால் நேற்றையதை இன்று கேட்டால் திகைக்கும். நினைவு வைக்கும் வேலை முழுவதும் மனிதன் தலையில்.

காவல் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வீரர் வாழும் எரிமலைக் கிண்ணத்துக்கு வெயர் என்று பெயர். அதன் விளிம்பில் ஒரு டிராகன் எப்போதும் உட்கார்ந்திருக்கும். வருகிற டிராகன் யாரென்று கேட்கும், உள்ளே சொல்லும். மேலே நட்டிருக்கும் கற்களின் வழியே செந்நட்சத்திரம் எங்கே வருகிறது என்று பார்ப்பதும் இதன்பாற்படும்.

திறையே சிக்கலானது. வெயரில் உழவில்லை. தானியம், கால்நடை, துணி எல்லாம் கோட்டைத் தலைவர்கள் அனுப்பும் பங்கு. இழை விழும் காலத்தில் வண்டிகள் தாமதமின்றி வரும். இடைக்காலம் நீண்டால் வண்டி சுருங்கும். ஒருமுறை செந்நட்சத்திரம் வராமலே 400 ஆண்டு கழிந்தது. ஆறு வெயர்களில் ஐந்து வெறுமையாகி, பெண்டன் மட்டும் மிஞ்சியது. அங்கே தலைவன் ஆர்குல், கோட்டையாரைச் சினமூட்டாமல் ஒடுங்கி இருப்பதே நலம் என்றான். அங்கே அரசி டிராகனை ஏறும் லெஸ்ஸா, கேநெட் என்ற வீரனைத் தூண்டி மந்தைகளைக் கவரச் செய்தாள். பிறகு தலைமை ஏற்ற ஃப்லார் மீது தலைவர்கள் படைகொண்டு வந்தபோது, அவன் டிராகன்களை அனுப்பி அவர்கள் வீட்டுப் பெண்களை வெயருக்குத் தூக்கிவரச் செய்தான். படை பேச்சுக்கு இறங்கியது. இம்மூன்றையும் முறையே பொறுத்தல், கவர்தல், பணயம் எனத் திறையின் உட்பிரிவாகக் கொள்க. மூன்றாவதை அறம் என்பாரை நாம் வழிமொழியவில்லை. பயன்பட்டது என்பதை மறுக்கவும் இல்லை.

போர் நூற்பாவின் கடைசியில் நிற்பதால் சுருக்கமாகவே சொல்வோம். இழை விழும் நாளுக்கு முன்னிரவே வார் சோதிப்பர். விடியலில் அணிதோறும் கல் மெல்லும் ஓசை. பிறகு வானில் அடுக்கடுக்காக நிற்றல், எரித்தல், இழை மேலே பட்டால் இடைப்பாழுக்குள் தாவி அதை உறைய வைத்து உதிர்த்தல். பச்சை துடியானது, சீக்கிரம் களைக்கும். வெண்கல நிற டிராகன் நின்று பறக்கும். முடிந்ததும் காயத்துக்கு மரப்பு மூலிகைக் களிம்பு தடவுதல். அந்தக் களிம்பு காய்ச்சும் நாளில் அடுப்பருகே ஒருவரும் போகார், நாற்றம் அப்படி. அதன் பிறகு குளிப்பாட்டுதல். அதன் பிறகு எண்ணெய்.

புறனடை. எவ்வகையிலும் அடங்காதவன் ஒருவன் உளன். ருவாத்தா கோட்டையின் இளந்தலைவன் ஜாக்ஸம், பொரிக்காமல் கிடந்த சிறு முட்டையை உடைத்து வெள்ளை டிராகன் ரூத்தைத் தன் வசமாக்கிக்கொண்டவன். ஜாக்ஸம் கோட்டைத் தலைவன் ஆதலின் திறை கொடுப்பவன், வாங்குபவன் அல்லன். காவல் முறை அவனுக்கு இல்லை. கல் மெல்லக் கற்பித்ததும் மறைவில்தான். எனில் அவனை ஊர்வோர் தொழிலில் சேர்ப்பதா என்றால், டிராகனின் சிறு உறவான நெருப்புப் பல்லிகள் கூட்டமாக வந்து ரூத்தைத் தேய்த்துக் குளிப்பாட்டுகின்றன, எண்ணெய் வேலையிலும் அவனுக்குப் பாதிதான் மிச்சம். ஆகவே அவனை அரைத்தொழிலன் எனத் தனியே எண்ணி, வகையை ஏழரை என்று திருத்திக் கொள்க.