அட்டையைத் திருப்புங்கள்!

கே: முழங்கால் தேய்மானத்துக்கு டாக்டர் ஒரே ஒரு வலி மாத்திரைதான் எழுதியிருக்கிறார். போதுமா?

ப: ஒன்றா? அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்துப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ‘அசெக்ளோஃபெனாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி.’ என்று இருக்கும். நீங்கள் விழுங்குவது இரண்டு மருந்து!

கே: அதோடு மெடிக்கலில் ஒரு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொண்டால்?

ப: வேண்டவே வேண்டாம். இரண்டும் ஒரே குடும்பம். வலி இரண்டு பங்கு குறையாது. வயிற்றில் புண்ணும் ரத்தக் கசிவும் வரும் ஆபத்துதான் கூடும். மலம் தார் மாதிரி கறுத்துப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கே: காகிதக் கவரில் ‘செட்’ மாத்திரை தருகிறார்களே, நன்றாகக் கேட்கிறது.

ப: என் அத்தையின் கவரை ஒருமுறை மேஜையில் கொட்டிப் பார்த்தேன். மஞ்சளில் ஒன்று, ரோஸில் ஒன்று, பொட்டு அளவில் வெள்ளையாய் ஒன்று. எதற்கும் பெயரில்லை, காலாவதித் தேதியில்லை. அந்தப் பொட்டு ஸ்டீராய்டாகக்கூட இருக்கலாம். சர்க்கரையை ஏற்றும், எலும்பை அரிக்கும். பெயர் தெரியாததை வாயில் போடாதீர்கள்.

கே: அம்மாவுக்கு 68 வயது. டெல்மிசார்ட்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். வலி மாத்திரையும் தரலாமா?

ப: டாக்டரைக் கேட்காமல் தராதீர்கள். சிறுநீரகத்தின் வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் வழியை வலி மாத்திரை இறுக்குகிறது. வெளியேறும் வழியை டெல்மிசார்ட்டான் தளர்த்துகிறது. மூன்றாவதான ஹைட்ரோகுளோரோதயசைடு உடம்பின் நீரைக் குறைக்கிறது. ரத்தத்தை வடிகட்டத் தேவையான அழுத்தம் எங்கிருந்து வரும்? வயிற்றுப்போக்கு, வாந்தி, கோடை வெயில் என்று நீர் வற்றும் நாட்களில் ஆபத்து இன்னும் அதிகம். அதற்காகப் பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கிரியாட்டினின் பரிசோதனை செய்து அந்தச் சீட்டோடு டாக்டரைப் பாருங்கள்.

கே: வலி மருந்தால் பாறு கழுகுகள் செத்தன என்கிறார்களே?

ப: உண்மை. டைக்ளோஃபெனாக் போட்ட மாடுகளின் சடலத்தைத் தின்று, சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாய் மடிந்தன. 2006-இல் அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள், 2023-இல் அசெக்ளோஃபெனாக்கையும். நம் உடம்பு கழுகை விடத் தாங்கும். ஆனாலும் மனிதச் சிறுநீரகத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

கே: சளி பிடித்தால் பாராசிட்டமால் 650 போடலாம் அல்லவா?

ப: கூட்டிப் பார்த்துப் போடுங்கள். வலி மாத்திரைக்குள் இருப்பதும் கணக்கில் வரும். பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்சவரம்பு 4 கிராம். மெலிந்தவர்களுக்கும், மது அருந்துகிறவர்களுக்கும், ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு.

கே: மாத்திரையைக் குறைக்க வழியே இல்லையா?

ப: இருக்கிறது. முழங்காலுக்கு டைக்ளோஃபெனாக் ஜெல் தடவினால் ரத்தத்தில் கலப்பது மாத்திரையை விட மிகக் குறைவு. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, ஐந்து எண்ணி இறக்குங்கள். தொடைத் தசை வலுத்தால் மூட்டின் பாரம் குறையும்.

கே: டாக்டரிடம் போகும்போது என்ன கொண்டு போக?

ப: வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும், லேகியம், சூரணம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். நாலு மாத்திரை மட்டும் வாங்கினால், பெயரும் தேதியும் உள்ள பக்கமாக வெட்டித் தரச் சொல்லுங்கள்.