மலையில் மங்கும் பாட்டு

கேள்வி: போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குக் காரில் ஏறினால் பாதி வழியில் எஃப்.எம். கரகரக்கிறது. பழைய கேசட் பிளேயரும் இழுத்து இழுத்துப் பாடுகிறது. என்ன செய்ய?

பதில்: இதே ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் தொலைநோக்கியின் 2.34 மீட்டர் கண்ணாடிக்கு விண்மீனே தெரியும்போது, நம் காருக்கு அடிவாரம் எட்டவில்லையே என்று நோகாதீர்கள். எஃப்.எம். அலை நேராகத்தான் போகும். ஜவ்வாது மலை வழிவிடாது. மீடியம் வேவுக்கு மாறுங்கள். அது நிலத்தை ஒட்டி வரும். சென்னை வானொலி 720 கிலோஹெர்ட்ஸில் கிடைக்கிறதா பாருங்கள். இரவில் தூரதேசத்துக்காரர்களும் நடுவில் புகுந்து பேசுவார்கள், அது இலவசம்!

பிளேயரின் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். கேசட்டை டாஷ்போர்டு வெயிலில் போட்டால் அப்பளம்தான். 120 நிமிட கேசட் வேண்டவே வேண்டாம். நாடா மெல்லிசு, உருளையில் சுற்றிக்கொள்ளும். இத்தனைக்குப் பிறகும் எஸ்.ஜானகி டி.எம்.எஸ். குரலில் பாடினால், பெல்ட் தளர்ந்திருக்கும். மாற்றிவிடுங்கள்.