செம்பட்டி வான்வெளியில் ட்ரோன் ஒழுக்கம்: ஒரு முன்கூட்டிய ஆய்வு

ஆய்வுக் களம் செம்பட்டி. திண்டுக்கல், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை எனச் சாலைகள் பிரியும் ஊர். கொடைக்கானல் போகிறவர்களில் பலர் இதைப் பேருந்து சன்னல் வழியாக மட்டும் அறிவர். மேற்கே மலை, அடிவாரத்தில் ஆத்தூர் காமராசர் அணை, இடையில் தென்னந்தோப்புகள். ட்ரோன் விட்டுப் படமெடுக்க மலைச் சைக்கிள் பூங்கா எதுவும் இங்கே கிடையாது. பூங்கா வந்தபின் விதி எழுத யாராலும் முடியும். வருமுன் எழுதி வைப்பவனே ஆய்வாளன்.

இத்துறையின் முன்னோடி நிகழ்வு இத்தாலியில் நடந்தது. 2015 டிசம்பர் 22 அன்று மடோன்னா டி கம்பீலியோவில் ஆஸ்திரிய வீரர் மார்செல் ஹிர்ஷர் பனிச்சரிவில் இறங்கிக்கொண்டிருந்தபோது, கேமரா ட்ரோன் ஒன்று அவர் முதுகுக்குப் பின்னால் விழுந்து நொறுங்கியது. சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு தன் போட்டிகளில் கேமரா ட்ரோன்களுக்குத் தடை போட்டது. நம் கவனத்துக்குரியது அதுவல்ல. ஹிர்ஷர் திரும்பிப் பார்க்காமல் சறுக்கி இரண்டாமிடம் பிடித்தார். நம் சைக்கிள்காரரிடம் இதை எதிர்பார்க்க முடியாது. தலைக்கு மேல் ரீங்காரம் கேட்டதும் அண்ணாந்து பார்ப்பார், தொப்பையை உள்ளிழுப்பார், ஒரு கையை விட்டுக் கட்டைவிரல் காட்டுவார். சரளைக்கல் கிடக்கும் இறக்கத்தில் இம்மூன்றும் ஒருசேர நிகழ்ந்தால் நான்காவதாக நிகழ்வது விழுதல். ஆகவே ஓட்டுபவரிடம் முன்பே சொல்லிவிட்டு, பின்னாலிருந்து, பக்கவாட்டில் விலகிப் பறக்கவிட வேண்டும். நேர் மேலே கூடவே கூடாது.

அரசின் ட்ரோன் விதிகள் 2021 ஆகஸ்ட் 25 அன்று வெளியாயின. அவை பச்சை மண்டலம் என்று குறிக்கும் பகுதியில் 400 அடி வரை, அதாவது 120 மீட்டர் வரை, முன் அனுமதியின்றிப் பறக்கலாம். மதுரை விமான நிலையம் தொலைவில் இருப்பதால் அதன் சுற்றுவட்டக் கட்டுப்பாடு இங்கே எட்டாது. அணைக்கு மேலுள்ள காட்டைப் பற்றி இக்கட்டுரை எதுவும் சொல்லாது, வனத்துறை சொல்லும்.

எடை விவகாரம் நுட்பமானது. 250 கிராமுக்கு மேற்படாதது நானோ. அதைத் தாண்டி 2 கிலோ வரை மைக்ரோ. நானோவுக்கு மூன்றாம் நபர் காப்பீடு வேண்டாம், மைக்ரோவுக்கு வேண்டும். 250 கிராம் கோட்டுக்கு அஞ்சித்தான் 249 கிராமில் ட்ரோன் செய்கிறார்கள். ஆனால் கணக்கில் சேர்வது சுமையோடு கூடிய மொத்த எடை. ஆயுத பூஜையன்று அதே ட்ரோனுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் கட்டிப் பறக்கவிட்டால் அது மைக்ரோ ஆகிவிடுகிறது. திருஷ்டி கழிக்கப்போய்க் காப்பீடு எடுக்க வேண்டிய இந்த நிலைமையைத் தில்லியில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அடுத்தது உயரம். திரையில் தெரியும் உயரம் பெரும்பாலும் கிளம்பிய இடத்திலிருந்து அளக்கப்படுவது. அணைக்கரையில் கிளப்பி மலைப்பக்கம் செலுத்தினால் திரை 60 மீட்டரிலேயே நிற்கும். தரை மட்டும் மேலேறிக்கொண்டே வரும். மின்கலம் குறைந்தால் தானாகத் திரும்பும் வசதி இருக்கிறது. திரும்புவது முதலாளியிடம் அல்ல, கிளம்பிய இடத்துக்கு. அவர் சைக்கிளில் மூன்று கிலோமீட்டர் போயிருப்பார். அது விட்ட இடத்திலேயே, இப்போது யாரோ மிளகாய் காயப்போட்டிருக்கும் களத்தில், பணிவாக இறங்கும். திரும்பும் உயரத்தைத் தென்னைக்கு மேல் வைக்காவிட்டால் அவ்வளவு தூரமும் வராது.

உண்மையில் 400 அடியில் இங்கே யாருக்கும் யாரோடும் வழக்கில்லை. வழக்கெல்லாம் 60, 70 அடியில்: தென்னை மட்டை, காக்கை, மொட்டைமாடியில் துணி உலர்த்தும் அக்கா. "ஏப்பா, அது மலையப் பாக்குதா, மாடியப் பாக்குதா?" என்று அவர் கேட்டால் உடனே கீழே இறக்கித் திரையைக் காட்டிவிட வேண்டும். விளக்கம் சொல்வது நிலைமையை மோசமாக்கும்.

மரத்தில் சிக்கிய ட்ரோனை எடுக்கும் முறை பற்றி விதிகள் மௌனம். அபராதத்துக்காவது ஒரு லட்சம் ரூபாய் என்று உச்சவரம்பு உண்டு; தேங்காய் வெட்டுபவரின் கூலிக்கு அதுவும் இல்லை. மேலே இருப்பது என்ன விலை என்று கேட்டுவிட்டுத்தான் அவர் மரத்தைத் தொடுவார். "பொம்மைண்ணே, ரெண்டாயிரம் ரூபா" என்று முகம் மாறாமல் சொல்லப் பழகிய ஒருவரைக் குழுவில் சேர்த்துக்கொள்வது கட்டாயம்.