அரக்கர் வதையில் ஏலக்கடையின் இடம்: டயாப்லோ 3 குறித்து ஒரு நுண்ணாய்வு

ஆய்வின் நோக்கமும் எல்லையும்

உலகத்தைக் காக்கப் புறப்பட்ட வீரன் ஏன் இரவெல்லாம் கண்விழித்து இடுப்புக் கச்சை என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான் என்ற வினாவுக்கு விடை காண்பதே இவ்வாய்வின் நோக்கம். களம், அமெரிக்காவின் பிளிஸார்ட் நிறுவனம் வெளியிட்ட டயாப்லோ 3 என்னும் இணைய விளையாட்டு. காலம், 2012 மே 15 முதல் 2014 மார்ச் 18 வரை. முன்னது விளையாட்டு வெளிவந்த நாள். பின்னது அதன் ஏலக்கடை இழுத்து மூடப்பட்ட நாள். மார்ச் 18-க்குப் பிறகு அது நல்ல விளையாட்டாகிவிட்டதாகப் பலரும் சொல்கிறார்கள். நல்ல விளையாட்டுகளைப் பற்றி ஆராய்ந்து யாரும் பட்டம் வாங்குவதில்லை. ஆகவே அப்பகுதி விடப்பட்டது.

விளையாடிப் பழகாத வாசகருக்காக ஒரு குறிப்பு. அக்காலத்தில் இதில் ஐந்து வகை வீரர்கள் இருந்தார்கள்: பார்பேரியன், மங்க், விசார்ட், விட்ச் டாக்டர், டீமன் ஹன்டர். ஒருவரைத் தேர்ந்துகொண்டு மவுஸைக் கிளிக் செய்தால் எதிரில் நிற்கும் அரக்கன் சாவான். செத்த அரக்கன் ஏதாவது ஒரு பொருளைக் கீழே போடுவான். அது கையிலிருப்பதைவிடத் தேவலாம் என்றால் எடுத்து மாட்டிக்கொண்டு, அடுத்த, இன்னும் பெரிய அரக்கனைக் கிளிக் செய்யலாம். இலக்கணம் இவ்வளவுதான். இதைத்தான் 2000-இல் வந்த டயாப்லோ 2-இல் லட்சக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் சலிக்காமல் செய்தார்கள். அடுத்த பாகத்துக்காகப் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்தவர்களும் அவர்களே.

பிழை 37

காத்திருந்தவர்கள் முதல் நாள் சந்தித்த அரக்கனுக்குக் கொம்பு இல்லை, எண் இருந்தது. சர்வர்கள் இப்போது நெரிசலில் இருக்கின்றன, பிறகு முயலவும் என்று ஒரு சின்னப் பெட்டி சொல்லும். அடியில் அடைப்புக்குறிக்குள் 37. இதே குடும்பத்தைச் சேர்ந்த 75, 3003 ஆகிய பிழைகளும் அன்று உலவின. ஆனால் புகழ் முழுவதையும் 37 தட்டிக்கொண்டு போய்விட்டது. 1 முதல் 36 வரையிலான பிழைகள் என்ன ஆயின என்பது தனி முனைவர் பட்ட ஆய்வுக்கு உரியது.

முதல் 24 மணி நேரத்தில் மட்டும் 35 லட்சம் பிரதிகள் விற்றதாக நிறுவனமே அறிவித்தது. கூட்டம் வரும் என்று தெரியாமல் இல்லை. இவ்வளவு கூட்டம் என்று தெரியவில்லை. வாங்கியவர்களுக்கு உறைத்தது வேறொன்று. தன்னந்தனியாக, யாரோடும் சேராமல் விளையாடுகிறவனும் நிறுவனத்தின் சர்வரோடு இணைந்தே இருக்க வேண்டும். வீட்டுக்குள் ஒருவனாக உட்கார்ந்து எலும்புக்கூடு வெட்டுவதற்கும் வெளியூர் சர்வரின் அனுமதி தேவை. தென்கொரியாவில் விஷயம் முற்றிப்போய், அந்நாட்டின் நியாய வணிக ஆணையம் நிறுவனத்தின் அலுவலகத்துக்கே ஆள் அனுப்பிச் சோதனை போட்டது. பின்னர் பணம் திருப்பித் தரும் ஏற்பாடும் நடந்தது.

ஹார்ட்கோர் என்று ஒரு முறை உண்டு. அதில் வீரன் ஒருமுறை செத்தால் செத்ததுதான், உயிர்த்தெழ வழியில்லை. பெருந்தீரர்கள் இதைத்தான் ஆடுவார்கள். பல வாரம் வளர்த்த வீரன் ஒருவன், நெட் இரண்டு விநாடி திக்கியதால் அசையாமல் நின்று, சுற்றியிருந்த சில்லறை அரக்கர்களிடம் அடிபட்டு நிரந்தரமாக மாண்டுபோவான். களத்தில் விழுந்தவனுக்கு நடுகல் நடுவது பண்டை மரபு. லேக்கில் விழுந்தவனுக்குக் கல்லில் என்ன எழுதுவது என்று மரபு சொல்லவில்லை.

கதை

இருக்கிறது. முதல் பாகத்திலிருந்து கூடவே வந்த டெக்கர்ட் கெய்ன் என்ற முதியவரை முதல் காண்டத்திலேயே பட்டாம்பூச்சி இறக்கை கட்டிய ஒரு சூனியக்காரி கொன்றுவிடுகிறாள். மூன்றாம் காண்டத்தில் நரகத்தின் தலைசிறந்த படைத்தலைவன் எனப்படும் அஸ்மோடன், தன் அடுத்த திட்டம் என்ன என்பதை வீரன் முன் பேருருவாகத் தோன்றித் தானே விளக்குகிறான். முறியடித்ததும் மறுபடி தோன்றி அதற்கடுத்த திட்டத்தையும் விளக்குகிறான். இந்த இயலை இதற்குமேல் வளர்ப்பது ஆய்வு நெறிக்கு ஏற்றதன்று.

கச்சை ஆராய்ச்சி

அரக்கர் போடும் பொருள்களுக்கு நிற வரிசை உண்டு. வெள்ளை சாதா, நீலம் சுமார், மஞ்சள் அரிது, ஆரஞ்சு புகழ்பெற்றது. ஆரஞ்சு விழுந்தால் விளையாடுகிறவனின் நெஞ்சு ஒரு கணம் நின்று துடிக்க வேண்டும். விளையாட்டின் உயிரே அங்குதான். வெளிவந்த காலத்து டயாப்லோ 3-இல் ஆரஞ்சு பெரும்பாலும் மஞ்சளைவிட மட்டமாக இருந்தது. புகழ்பெற்ற வாளை எடுத்துப் பார்த்துவிட்டு, பேர் தெரியாத மஞ்சள் கோடரியையே திரும்ப மாட்டிக்கொண்டு நடந்தார்கள். இதைச் சரிசெய்யவே அந்த ஆண்டு ஆகஸ்ட் வரை ஆயிற்று.

அன்று மஞ்சள் பொருள் விழுந்தவுடன் அதன் குணம் தெரியாது. ரைட் கிளிக் செய்து, ஒரு பட்டை மெல்ல நிரம்பும்வரை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. ஒருமுறை பட்டை நிரம்பியது. வந்தது ஒரு பார்பேரியன் கச்சை. பார்பேரியனைத் தவிர வேறு யாராலும் கட்ட முடியாத வகை. அவனுக்கு வேண்டியது உடல்வலிமை. கச்சை கூட்டித் தந்ததோ அறிவு. அறிவு விசார்டுக்கும் விட்ச் டாக்டருக்கும் பயன்படுவது, அவர்களால் இக்கச்சையைக் கட்ட இயலாது. ஆகவே இது யாருக்காகச் செய்யப்பட்டது என்ற ஐயம் எழுகிறது. படிப்பில் நாட்டமுள்ள பார்பேரியர் வகுப்பு ஒன்று முற்காலத்தில் இருந்து அழிந்திருக்கலாம் என்பது ஒரு தரப்பு. பொருள்களின் குணங்களைக் குலுக்கிப் போட்ட கணிப்பொறிக்கு யார் பொறுக்குகிறார் என்ற கவலை இல்லை என்பது மறுதரப்பு. பின்னதே பொருத்தம் என்பது இவ்வாய்வாளர் துணிபு. முன்னதில்தான் சுவாரசியம் அதிகம்.

இனி கடை. நல்ல பொருள் கிடைக்காதவன் என்ன செய்வான்? விளையாட்டுக்குள்ளேயே ஏலக்கடை இருந்தது. முதலில் விளையாட்டுத் தங்கத்துக்கு மட்டும் நடந்தது. 2012 ஜூன் 12 முதல் அமெரிக்காவில் உண்மைப் பணத்துக்கும் திறந்தார்கள். ஒரு பொருளுக்கு உச்ச விலை 250 டாலர். ஆயுதமோ கவசமோ விற்றால் நிறுவனத்துக்கு ஒரு டாலர் தரகு. பணத்தை வெளியே எடுத்தால் நூற்றுக்குப் பதினைந்து பிடித்தம். அரக்கனைக் கொன்று அவன் செருப்பை விற்றுச் சம்பாதிக்கலாம் என்று சட்டப்படி ஏற்பட்ட காலம் அது.

நிறுவனத்தை ஒரேயடியாகப் பழிக்கவும் இயலாது. டயாப்லோ 2 காலத்தில் வியாபாரம் வெளியில் கள்ளச்சந்தையாக நடந்தது. ஸ்டோன் ஆஃப் ஜோர்டன் என்ற மோதிரமே நாணயமாகப் புழங்கியது. அதிலும் கள்ள நகல்கள் மலிந்தன. பணத்தை வாங்கிக்கொண்டு பொருளைத் தராமல் ஓடியவர்கள் உண்டு. எப்படியும் நடக்கிற வியாபாரத்தை நம் கூரைக்குள் கொண்டுவந்தால் ஏமாற்று குறையும் என்று நினைத்தார்கள். ஏமாற்று குறைந்திருக்கலாம். விளையாட்டும் குறைந்தது.

காரணம் கணக்கில் இருக்கிறது. லட்சக்கணக்கான பேருக்குத் தினமும் விழும் பொருள்களெல்லாம் ஒரே கடையில் வந்து குவிகின்றன. அத்தனை பேரில் யாரோ ஒருவனுக்கு விழுந்த உயர்ந்த கச்சை அங்கே விலைக்கு இருக்கிறது. எனக்கு விழும் கச்சை அதோடு போட்டியிட்டாக வேண்டும். பெரும்பாலும் தோற்கும். ஆற்றங்கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்தவன் முதுகுக்குப் பின்னால் ஊர் மீனெல்லாம் குவித்துவைத்த சந்தை நடந்தால், அவன் எத்தனை நேரம் தக்கையைப் பார்ப்பான்? டயாப்லோக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். இன்ஃபெர்னோ என்ற கடைசிக் கடினநிலையில், குறிப்பாக இரண்டாம் காண்டத்துக் குளவிகளிடம் கொட்டுப்பட்டவர்கள், முதல் காண்டத்தில் விழும் பொருளை நம்பாமல் நேரே கடைக்குத்தான் நடந்தார்கள். அரைமணி நேரம் வெட்டிச் சேர்க்காத வலிமையை ஐந்து நிமிடத்தில் வாங்கி மாட்டலாம். மாட்டிய பிறகோ, அடுத்த பல நாளுக்கு எந்த அரக்கன் போடும் எதுவும் அதற்கு ஈடாகாது. வாங்கியவனுக்கு வலிமை வந்தது. விழுவதைப் பொறுக்கும் ஆசை போயிற்று.

பானை உடைத்தல்

கடைக்குப் போகத் தங்கம் வேண்டும். இங்குதான் வீர வரலாற்றில் முன்னுதாரணமற்ற ஒரு தொழில் பிறந்தது.

நிலவறைகளில் அழகுக்காகப் பானைகள், பீப்பாய்கள், கலயங்கள் வைத்திருந்தார்கள். உடைத்தால் தங்கமும் சில சமயம் பொருளும் விழும். ஆட்டக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். ஓர் உயர்நிலை அரக்கனோடு மல்லுக்கட்டிச் சாகும் நேரத்தில் பல பானைகளை உடைக்கலாம். பானை திருப்பி அடிப்பதில்லை. ஆகவே தங்கம் கூடுதலாக விழச் செய்யும் நகைகளைப் பூட்டிக்கொண்டு, அரக்கர்களைச் சுற்றிக்கொண்டு ஓடி, பானை இருக்கும் மூலைகளில் மட்டும் நின்று உடைத்துவிட்டு, வெளியேறி மறுபடி நுழைந்தார்கள். நரகத்தின் அதிபதியை வதைக்கப் பிறந்த மாவீரனை அரக்கர்கள் துரத்த, அவன் மண்பாண்டம் தேடி ஓடிக்கொண்டிருந்தான்.

இதைப் புறத்திணையில் எங்கே அடக்குவது? நிரை கவர்ந்தால் வெட்சி, மதிலை வளைத்தால் உழிஞை, வென்றால் வாகை. பானை உடைத்தலுக்குத் தொல்காப்பியர் துறை வகுக்கவில்லை. வெட்சியின் புறனடையாகக் கொள்ளலாம் என்பார் கூற்று, பானைக்கு உடைமையாளர் யாரும் அங்கில்லாமையின் பொருந்தாது என்க. நிறுவனமும் வகுக்கத் துணியவில்லை. 2012 ஜூன் மாதத்து 1.0.3 பேட்ச் என்னும் திருத்தப் பதிப்பில் பானைகளின் வரும்படியைக் குறைத்துவிட்டது.

பானைப் பள்ளிக்குப் போட்டியாகச் சார்கோத் பள்ளி இருந்தது. முதல் காண்டத்தில் ஒரு நிலவறை. அதனுள் சார்கோத் என்ற சில்லறைத் தலைவன். கொன்றால் தங்கமாகக் கொட்டுவான். நிலவறை சில சமயம் இருக்கும், சில சமயம் இராது. ஆட்டத்தைத் தொடங்கு, ஓடு, நிலவறை இருக்கிறதா பார். இல்லையென்றால் வெளியேறு, திரும்பத் தொடங்கு. இருந்தால் இறங்கு, கொல், பொறுக்கு, வெளியேறு. அழிவின் விளிம்பில் நிற்கும் உலகத்தில் இவர்கள் செய்த ஒரே காரியம் ஒரு கதவு திறந்திருக்கிறதா என்று பார்ப்பது. சம்பளமில்லாத வேலையை இவ்வளவு ஒழுங்காகச் செய்தவர்கள் குறைவு.

பொருளாதாரச் சீர்குலைவு

2013 மே மாதத்து 1.0.8 பேட்சில், உண்மைப் பணக் கடையில் தங்கத்தை விற்கும்போது ஒரு மூட்டையின் அளவை பத்து லட்சத்திலிருந்து ஒரு கோடியாக உயர்த்தினார்கள். மிகப் பெரிய தொகையைப் போட்டு ஏலத்தை ரத்து செய்தபோது எண்ணிக்கை எல்லை மீறி, போட்டதைவிட அதிகத் தங்கம் திரும்பி வந்தது. கண்டுபிடித்தவர்கள் நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் செய்தார்கள் என்று நம்ப ஆதாரம் இல்லை. கடையைச் சில நாள் சாத்திக் கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று. நிஜ உலகில் நோட்டு அச்சடிக்க அரசாங்கம் வேண்டும். இங்கே ரத்து பட்டனே போதுமானதாக இருந்தது.

அதற்கு இரண்டு மாதம் முன்பே, விளையாட்டின் முதல் இயக்குநர் ஜே வில்சன், விளையாட்டுத் தயாரிப்பாளர்களின் மாநாட்டு மேடையில், ஏலக்கடை விளையாட்டைக் காயப்படுத்திவிட்டது என்று வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. 2014 பிப்ரவரிப் பேட்சில் அரக்கர்களுக்குப் புத்தி வந்தது: பெரும்பாலும் கொல்கிறவனுக்குப் பொருத்தமான பொருளையே போடத் தொடங்கினார்கள். அறிவுக் கச்சையின் வமிசம் அருகியது.

ஒரு கிளை வழக்கு: வானவில்

2008-இல் பாரிஸ் விழாவில் இந்த விளையாட்டை முதலில் காட்டியபோது, நிறம் அதிகம், இருட்டுப் போதாது, இது நரகமா பொம்மைக் கடையா என்று ரசிகர்கள் மனுவில் கையெழுத்திட்டார்கள். நிறுவனம் பதிலாக ஒரு ரகசிய ஊரையே கட்டியது. விம்சிஷயர் என்று பெயர். வானவில், சிரிக்கும் மேகம், இளஞ்சிவப்புக் கரடிபொம்மை, ஒற்றைக் கொம்புக் குதிரை எல்லாம் அங்குண்டு. கரடியும் குதிரையும் நம்மைக் கொல்ல வரும். உள்ளே போக ஒரு கோல் செய்ய வேண்டும். அதற்குக் கறுப்புக் காளான், லியோரிக் அரசனின் காலெலும்பு, புட்டியில் அடைத்த வானவில், உளறும் ரத்தினம், வர்ட்டின் மணி ஆகியவை வேண்டும். காளானும் எலும்பும் தேடினால் கிடைக்கும். மணியைச் சிறுமி ஒருத்தி ஒரு லட்சம் தங்கத்துக்கு விற்பாள், பேரம் கிடையாது. முழு விளையாட்டிலும் விலை கேட்டுக் கோபம் வராத ஒரே வியாபாரம் இதுதான் என்பது இவ்வாய்வாளர் கருத்து. புகார் சொன்னவனைக் குதிரைக் கொம்பால் குத்துவதற்கு அவனிடமே காசு வாங்கிய கைவரிசை, ஏலக்கடையை வடிவமைத்தவர்களிடம் இல்லாமல் போயிற்று.

ஏமாறாதோர் இயல்

இந்த விளையாட்டில் ஏமாறாத ஒரு கூட்டமும் இருந்தது என்பதை நேர்மையாகப் பதிவுசெய்ய வேண்டும். இவர்கள் அரக்கனை அதிகம் வெட்டியதில்லை. ஏலக்கடையைத் திறந்து, விவரம் தெரியாதவன் குறைத்துப் போட்ட கோடரியை வாங்கி, சாயங்காலம் இரட்டை விலைக்குப் போட்டுவிட்டு, மறுநாள் காலை தங்கம் வந்ததா என்று பார்ப்பார்கள். நரகத்தின் அதிபதியான டயாப்லோ உயிரோடு இருந்தானா செத்தானா என்பது இவர்கள் கணக்குப் புத்தகத்தில் எந்தப் பத்தியிலும் வராது. குளவிக் கொடுமை பற்றியோ கெய்ன் சாவு பற்றியோ இவர்கள் ஒருநாளும் புலம்பியதில்லை. சந்தை நன்றாக நடந்தது; சந்தைதான் இவர்களுக்கு விளையாட்டு.

2014 மார்ச் 18-இல் கடை சாத்தப்பட்டபோது கைதட்டினவர்களில் இவர்கள் இல்லை. ஒரு வாரம் கழித்து, 25ஆம் தேதி, ரீப்பர் ஆஃப் சோல்ஸ் என்ற கூடுதல் பாகம் வந்தது. சிறந்த பொருளெல்லாம் கண்டெடுத்தவனோடு கட்டுப்பட்டது. பெரும்பாலும் விற்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. வேண்டுமென்றால் போய் அரக்கனை வெட்டிக்கொள்ள வேண்டியதுதான். வணிகர்கள் கணக்கை முடித்துக்கொண்டு வேறு விளையாட்டின் சந்தைக்குப் புறப்பட்டார்கள்.