ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க: தொலைநேயவியலுக்கு ஒரு முன்னுரை

சங்க இலக்கியத்தில் யானை, சங்க இலக்கியத்தில் உப்பு, சங்க இலக்கியத்தில் பல் துலக்குதல் என்று எல்லாவற்றுக்கும் நம் பல்கலைக்கழகங்கள் பட்டம் கொடுத்து முடித்துவிட்டன. வானொலி நிலையத்துக்குப் போன் போட்டு, “ஹலோ, லைன் கெடச்சுடுச்சா மேடம்?” என்று கேட்கும் மனிதரை மட்டும் எவரும் தொடவில்லை. அந்த ஒரு கேள்விக்குள் தொல்காப்பியர் சொன்ன எட்டு மெய்ப்பாடுகளில் அச்சம், மருட்கை, உவகை மூன்றும் ஒரே நொடியில் வந்து போகின்றன. பக்கத்தில் நிற்பவர்களுக்கு நகையும் வரும். இந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வு எளிதாக நடக்க ஒரு கலைச்சொல் தேவைப்பட்டது. தொலைபேசி வழியே நேயம் கொள்பவர், ஆகவே தொலைநேயர். இந்தச் சொல்லில் ‘தொலை’ என்பது ஏவல் வினையாகவும் படும். நிகழ்ச்சித் தயாரிப்பாளர்கள் சில ஞாயிற்றுக்கிழமைகளில் அப்படியும் நினைத்திருக்கலாம். கள ஆய்வின் எல்லை திருப்பத்தூர்: ஒரு பக்கம் ஏலகிரி, இன்னொரு பக்கம் ஜவ்வாது மலை, நடுவில் ஒரு எஸ்.டி.டி. பூத். காலம் தொண்ணூறுகள். ஒப்பீட்டுக்கு இங்கிலாந்தின் வடகிழக்கு மூலை. எதற்கு இங்கிலாந்து என்று கேட்கும் புறத்தேர்வாளருக்குப் பதில் போகப் போகத் தெரியும்.

வரலாற்றுப் பின்புலம்

முதலில் கடிதம் இருந்தது. இலங்கை வானொலிக்கும் திருச்சி வானொலிக்கும் போஸ்ட் கார்டு போட்டுவிட்டு, அறிவிப்பாளர் வாயால் தன் பெயர் வருகிறதா என்று வாரக்கணக்கில் காது கொடுத்துக் காத்திருந்த தலைமுறை அது. பாட்டு இரண்டரை நிமிடம் ஓடினால் அதை விரும்பிக் கேட்டவர்களின் பட்டியலும் ஏறக்குறைய அவ்வளவு ஓடும். இது ஜமீன்தாரி முறை. நேயருக்கும் நிலையத்துக்கும் நடுவில் தபால்காரர், கார்டுகளைப் பிரித்து அடுக்குபவர், வாசிப்பவர் என்று இடையாட்கள் இருந்தார்கள்.

தொலைபேசி வந்ததும் இடையாட்கள் ஒழிந்தார்கள். நேயர் நேராகவே பேசினார். நிலவரி வரலாற்றில் இதற்குப் பெயர் ரயத்துவாரி. அது பிறந்ததும் வேறெங்கோ அல்ல. 1792-ல் திப்புவிடமிருந்து பாராமகால் பகுதி கும்பினியின் கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீடு திருப்பத்தூரில் கச்சேரி வைத்துக்கொண்டு, தாமஸ் மன்றோவை உதவிக்கு வைத்துக்கொண்டு, குடியானவனிடமே நேரடியாகப் பேசி வரி போடும் முறையைத் தொடங்கினார். ஆக, இடைத்தரகர் இல்லாமல் மேலிடத்துடன் பேசும் வழக்கம் இந்த ஊருக்கு இருநூறு ஆண்டுப் பழக்கம். தொலைநேயர் அந்தப் பரம்பரையில் வந்தவர் என்பது எம் துணிபு. மறுப்பவர்கள் மறுக்கலாம், பூத்தில் வரிசை நீளமாகத்தான் இருந்தது.

மூவேந்தர் காலம்

தொலைநேயம் முழு வளர்ச்சி பெற்ற இடம் பாட்டு அல்ல, கால்பந்து. 1991-ல் பி.பி.சி. வானொலியில் டேனி பேக்கர் ‘606’ என்றொரு நிகழ்ச்சி தொடங்கினார். சனிக்கிழமை ஆட்டங்கள் முடிந்து, மாலை 6 மணி 6 நிமிடத்துக்கு ஆரம்பிப்பதால் அந்தப் பெயர். தோற்ற கோபம் ஆறுவதற்குள் போனை எடுக்க வேண்டும் என்பதுதான் அதன் தத்துவம். எங்கள் பக்கம் பந்தியில் ரசம் சூடாக வரவேண்டும் என்பார்களே, அதுபோல.

ஆனால் நாடு முழுக்க ஒலிக்கும் நிகழ்ச்சியைவிட உள்ளூர் வானொலிதான் ருசி. நியூகாசில், சண்டர்லாந்து, மிடில்ஸ்பரோ மூன்றும் அடுத்தடுத்த ஊர்கள். டைன், வியர், டீஸ் என்று ஆளுக்கொரு ஆறு. ஒருவர் ஜெர்சியை இன்னொருவர் வீட்டில் கொடியில் காயப்போட முடியாது. அங்கே செஞ்சுரி வானொலியில் ‘மூன்று ஜாம்பவான்கள்’ என்ற பெயரில் ஒரு தொலைபேசி நிகழ்ச்சி நடந்தது. நியூகாசிலுக்கு மால்கம் மெக்டொனால்டு. 1975-ல் சைப்ரசுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் இங்கிலாந்துக்காக 5 கோல் போட்டவர். சண்டர்லாந்துக்கு எரிக் கேட்ஸ். மிடில்ஸ்பரோவுக்கு பெர்னி ஸ்லேவன். மூன்று நதி, மூன்று கொடி, தீராத பகை, ஒரே மேசை. தமிழில் இதற்கு ஏற்கெனவே சொல் இருக்கிறது: மூவேந்தர். சேர சோழ பாண்டியர்களை ஒரே அறையில் உட்காரவைத்து, குடிமக்களைப் போன் போட்டுத் திட்டச் சொன்னால் எப்படி இருக்கும்? அந்தப் பகுதி ரசிகர்கள் இன்றும் அந்த நிகழ்ச்சியை நினைத்துச் சிரிக்கிறார்கள் என்றால் ஆச்சரியமில்லை.

அதன் உச்சம் 1998 டிசம்பர். மான்செஸ்டர் யுனைட்டெட்டை அவர்கள் மைதானத்திலேயே மிடில்ஸ்பரோ வென்றால், ஊர்க் கடைத்தெருவில் பின்ஸ் என்னும் பெரிய கடையின் கண்ணாடி ஜன்னலில் நின்று தன் பின்புறத்தைக் காட்டுவதாக ஸ்லேவன் சொல்லிவைத்தார். நடக்காது என்ற தைரியம். டிசம்பர் 19 அன்று 3–2 என்று மிடில்ஸ்பரோ வென்றது. மனிதர் வாக்குத் தவறவில்லை. ஜன்னலில் ஏறினார், காட்டினார்.

புறநானூற்றின் 72-ஆம் பாட்டு தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் சொன்ன வஞ்சினம். தான் தோற்றால் தனக்கு என்னென்ன இழிவு வரட்டும் என்று அவன் அடுக்குகிறான். ஸ்லேவனுடையது இலக்கணப்படி புதுவகை. தோற்றால் அல்ல, வென்றால் இழிவு. புறப்பொருள் இலக்கணம் இந்தத் துறைக்கு இடம் ஒதுக்கவில்லை. ‘பின்புற வஞ்சி’ என்று பெயரிட்டுப் பாடத்திட்டக் குழுவுக்குப் பரிந்துரைக்கிறேன்.

திணைப் பகுப்பு

இனி அகம். தொலைநேயத்தை ஐந்திணையாகப் பகுப்பதில் தடை ஏதுமில்லை. முதற்பொருள்: நிலம், மஞ்சள் போர்டு போட்ட பூத்; பொழுது, ஞாயிறு காலை. கருப்பொருள்: சிவப்பு எழுத்தில் ஓடும் மீட்டர், கண்ணாடிக் கதவு, உள்ளே நின்றுபோன மின்விசிறி, வெளியே பொறுமையிழந்து கதவைத் தட்டும் கல்லூரி மாணவன்.

இவற்றுள் முல்லையே பெரிது. முல்லையின் உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல். ‘டொய்ங், டொய்ங்’ என்று எங்கேஜ்டு ஒலி வரும்போதெல்லாம் மீட்டர் ஓடாது. ஆகவே எத்தனை முறை ரீடயல் அழுத்தினாலும் பைசா செலவில்லை. பூத் ஓனரின் முகம்தான் செலவாகும். ஜவ்வாது மலையின் காவலூரில் வானியலாளர்களும் இதே தொழிலைத்தான் செய்கிறார்கள். 1977 மார்ச் 10 அன்று ஒரு நட்சத்திரத்தை யுரேனஸ் மறைப்பதைக் காணக் காத்திருந்தார்கள். மறைய வேண்டிய நேரத்துக்கு முன்பே நட்சத்திரம் கண் சிமிட்டியது. யுரேனசைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பது அப்படித்தான் உலகுக்குத் தெரிந்தது. தொலைநேயர் அனுபவமும் அதுவே. எங்கேஜ்டு ஒலி கேட்டுக் கேட்டு மரத்துப்போன காதில் திடீரென்று ‘ட்ரிங்’ என்று மறுமுனை மணி அடிக்கும். கையிலிருக்கும் ரிசீவர் நழுவும். சொல்ல நினைத்தது மறக்கும்.

அந்த நொடி குறிஞ்சி. இந்தத் திணைக்குரிய கூற்று ஒன்றே ஒன்று: “ரொம்ப நாளா ட்ரை பண்றேன் மேடம், இன்னிக்குத்தான் லைன் கெடச்சுது.” இங்கிலாந்துக் கால்பந்து ரசிகர் பேச்சை எப்படித் தொடங்குவார் என்று பாருங்கள்: பல வருஷமாகக் கேட்கிறேன், போன் போடுவது இதுதான் முதல் தடவை. இரண்டு நாடு, இரண்டு மொழி, ஒன்றில் இளையராஜா, மற்றொன்றில் ஆஃப்சைடு. கூற்று ஒன்றே. தற்செயல் என்று தள்ள முடியாது. இருவரும் சொல்ல வந்தது பாட்டையும் அல்ல, பந்தையும் அல்ல. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கூப்பிட, “உள்ளேன் ஐயா” என்று எழுந்து நின்றோமே, அதைத்தான். வானத்து வருகைப் பதிவேட்டில் தன் பெயருக்கு நேராக ஒரு டிக் விழ வேண்டும். பாட்டு அதற்கு ஒரு சாக்கு. ரெஃப்ரி குருடர் என்பதும் சாக்கு.

மருதம், ஊடல். இதில் எங்கள் பகுதி ஒரு பெரிய வாய்ப்பைத் தவறவிட்டது. ஜோலார்பேட்டை சந்திப்பில் நின்றால் ஒரு பக்கம் சென்னைக்கு வண்டி, இன்னொரு பக்கம் பெங்களூருக்கு வண்டி. தூரம் பார்த்தால் பெங்களூருதான் கிட்டம், மொழி பார்த்தால் சென்னை. 2018 மார்ச் 17 அன்று ஐ.எஸ்.எல். கால்பந்து இறுதியில் பெங்களூரை அதன் சொந்த மைதானத்தில் சென்னையின் எஃப்.சி. 3–2 என வென்றபோது, பிளாட்பாரத்தின் இரு முனைக்கும் ஒவ்வொரு ஜாம்பவானை உட்காரவைத்து ஒரு போன் நிகழ்ச்சி நடத்தியிருந்தால், மூவேந்தர்களே தோற்றிருப்பார்கள்.

நெய்தல், தோற்றபின் இரங்கல், விளக்கம் தேவையில்லை. பாலை, லைன் கட்டாவது, விளக்க நேரமிருக்காது.

எந்தத் திருப்பத்தூர்?

எம் ஊர்த் தொலைநேயருக்கு மட்டும் விதித்த இடர் ஒன்று உண்டு. “எங்கேருந்து பேசறீங்க?” “திருப்பத்தூர்லேருந்து.” “எந்தத் திருப்பத்தூர்?” சிவகங்கைப் பக்கம் ஒன்று, போனில் அப்படியே காதில் விழும், பிரம்மபுரீசுவரர் இருக்கும் திருச்சித் திருப்பட்டூர் ஒன்று, நாங்கள் ஒன்று. “வேலூர் மாவட்டம் மேடம், வாணியம்பாடிக்கு இந்தாண்ட, ஏலகிரி இருக்குல்ல, அதுக்குக் கீழ...” என்று விளக்கி முடிப்பதற்குள் மீட்டரில் ஒரு பல்ஸ் போயிருக்கும். 2019 நவம்பர் 28 அன்று திருப்பத்தூர் தனி மாவட்டமானதற்கு நிர்வாகக் காரணங்கள் பல சொல்லப்பட்டன. தொலைநேயவியல் நோக்கில் காரணம் ஒன்றே. ஆனால் தீர்வு வந்தபோது பூத்துகள் செல்போன் ரீசார்ஜ் கடைகளாகிவிட்டிருந்தன.

ஊளை

கட்டுரைத் தலைப்புக்கு வருவோம். தொலைநேயருக்கு அறிவிப்பாளர் சொல்லும் முதல் அறிவுரை, “உங்க ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க.” ரேடியோவிலிருந்து வரும் குரல் ரிசீவருக்குள் நுழைந்து, நிலையம் போய், கோபுரம் ஏறி, மீண்டும் அதே ரேடியோ வழியாக வந்து, மீண்டும் ரிசீவருக்குள் நுழையும். சுற்றச் சுற்ற ஒலி பெருகி ‘கூ...’ என்று ஊளையாகும். டென்மார்க் நாட்டு இயற்பியலாளர் லார்சன் பெயரால் இதை லார்சன் விளைவு என்பார்கள். கல்யாண மண்டப மைக்செட்காரர்கள் பெயர் எதுவும் சொல்லாமல் முகத்தைச் சுளித்துக்கொண்டு குமிழைத் திருகுவார்கள்.

இது எல்லோருக்கும் தெரியும். வாராவாரம் கேட்கிறார்கள். பிறகு ஏன் ஒருவரும் முன்கூட்டியே குறைப்பதில்லை? ஆய்வின் நடு முடிச்சு இதுதான். குறைத்துவிட்டால் தன் குரல் ரேடியோவில் வருவதைத் தான் கேட்க முடியாது. குறைக்காவிட்டால் யாருமே கேட்க முடியாது. இந்த இருதலைக்கொள்ளியிலிருந்து தப்பவே, வீட்டில் ஒருவரை டேப்ரெக்கார்டர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, தான் பூத்துக்கு ஓடும் வழக்கம் வந்தது. அப்படிப் பதிவான நாடாக்களே தொலைநேயவியலின் செப்பேடுகள். பெரும்பாலும் ஏதோ ஒரு பக்திப் பாடல் கேசட்டின் மேல் அழித்து எழுதப்பட்டவை. படிக்கக் கல்வெட்டு நிபுணர் போதாது, பென்சில் விட்டு நாடா சுற்றத் தெரிந்தவர் வேண்டும்.

பிற்சேர்க்கை: முதன்மைச் சான்று

ஆய்வாளரின் சித்தப்பா கால்பந்துக்காரர். ஊரெல்லாம் கிரிக்கெட் மட்டையோடு திரிந்த காலத்தில், 1951-ல் சலேசியத் துறவிகள் தொடங்கிய தூய நெஞ்சக் கல்லூரி மைதானப் புழுதியில் முழங்கால் தேய்த்தவர். பிரேசிலுக்கு ஆயுள் சந்தா. 1998 ஜூலை 12 பாரிசுக்கு அருகே நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டம் எங்களுக்கு நள்ளிரவு தாண்டித்தான் தொடங்கியது. ஜிதான் தலையால் இரண்டு கோல், பிரான்சு 3, பிரேசில் 0. ரொனால்டோ நடமாடினாரே தவிர ஆடவில்லை. ஆட்டத்துக்கு முன் அவருக்கு வலிப்பு வந்ததும், பெயர்ப் பட்டியலில் முதலில் இல்லாமல் பிறகு சேர்க்கப்பட்டதும் அடுத்தடுத்த நாள் பேப்பரில் வந்தன. சித்தப்பா இரண்டு வேளை சரியாகச் சாப்பிடவில்லை.

கால்பந்து பேச நம் வானொலியில் நிகழ்ச்சி கிடையாது. இருந்ததெல்லாம் ஞாயிறு காலையில் விரும்பிய பாட்டு கேட்கும் நிகழ்ச்சி ஒன்று. அடுத்த ஞாயிறு சித்தியை டேப்ரெக்கார்டரிடம் உட்காரவைத்துவிட்டு பூத்துக்குப் போனார். பூத்காரரும் உள்ளே ரேடியோ வைத்திருந்தார். கேசட்டில் பதிவானது, ஊளை நீக்கி, பின்வருமாறு:

“வணக்கம், யார் பேசறீங்க?”

“மேடம், ரொம்ப நாளா ட்ரை பண்றேன்...”

“ரேடியோ சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க சார்.”

“அண்ணே, அதைக் குறைங்கண்ணே... குறைச்சாச்சு மேடம். திருப்பத்தூர்லேருந்து.”

“எந்தத் திருப்பத்தூர் சார்?”

(இப்பகுதி நீளம் கருதி விடப்பட்டது.)

“சரிங்க சார். சாப்டீங்களா?”

“இல்ல மேடம்.”

“என்ன பாட்டு வேணும்?”

“ஏதாவது சோகப் பாட்டா போடுங்க மேடம்.”

“யாருக்கு டெடிகேட் பண்றீங்க?”

“ரொனால்டோவுக்கு மேடம்.”

இந்த இடத்தில் நாடாவில் சிறு மௌனம் உண்டு.

“ரொனால்டோவா... உங்களுக்கு என்ன வேணும் சார் அவரு?”

“தெரிஞ்ச பையன்தான் மேடம். உடம்பு சரியில்ல.”